ஐரோப்பியக் கூட்டாய்வில் ஆடியோ நிறுவனத்துக்கு என்ன வேலை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிப்பதிவுத் துறை நண்பர்களும், ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பவை இவை. "எங்கள் கம்பெனி ஒரு ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில் இருக்கிறது, அதில் எங்களுக்கு என்னதான் வேலை?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. அதனால் ஆர்ஃபியஸ் என்ற ஒரு திட்டத்தை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தேவைப்படும் இடத்தில் பழைய திட்டங்கள் ஒன்றிரண்டும் வரும்.

கூட்டாய்வுத் திட்டம் என்றால் என்ன?

ஐரோப்பிய ஆணையம் ஒரு தலைப்பை அறிவிக்கும். பல நாடுகளில் இருக்கும் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிலையங்கள், நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து அதற்கு விண்ணப்பிக்கும். வழக்கமான விதி, குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் இருக்க வேண்டும் என்பது. 2014 முதல் 2020 வரை இந்த ஏற்பாட்டுக்கு ஹொரைசன் 2020 என்று பெயர். 2021 முதல் 2027 வரை ஹொரைசன் யூரோப்.

ஒரு பல்கலைக்கழகம் தனியே மானியம் வாங்கி ஆய்வு செய்வதிலிருந்து இது வேறுபட்டது. இங்கே யார் எதைச் செய்வார், எந்த மாதத்தில் கொடுப்பார், அதை வாங்கி அடுத்தவர் என்ன செய்வார் என்பதெல்லாம் முதலிலேயே எழுதப்பட்டுவிடும். ஒருவர் தாமதித்தால் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் வேலை நிற்கும்.

ஆர்ஃபியஸ் என்ன திட்டம்? யார் யார் இருந்தார்கள்?

2015 டிசம்பரில் தொடங்கி 2018 மே மாதத்தில் முடிந்த, 30 மாதத் திட்டம். வானொலி நிகழ்ச்சியைத் தயாரிப்பதிலிருந்து கேட்பவர் காதுக்குப் போய்ச் சேர்வதுவரை முழுச் சங்கிலியையும் ஆப்ஜெக்ட் ஆடியோ முறையில் செய்ய முடியுமா என்று செய்தே பார்ப்பதுதான் நோக்கம்.

நான்கு நாடுகளிலிருந்து பத்து பங்காளிகள். ஹைடெல்பர்க்கின் யூரெஸ்காம் ஒருங்கிணைப்பாளர். ஆய்வுப் பக்கம் எர்லாங்கனின் ஃப்ரான்ஹோஃபர் ஐஐஎஸ், மியூனிக்கின் ஐஆர்டி, பாரிஸின் இர்காம், ரென் நகரின் பிகாம். ஒலிபரப்புப் பக்கம் பிபிசியும் பவேரிய வானொலியான பாயரிஷர் ருன்ட்ஃபுங்கும். நிறுவனங்கள் மூன்று: பாரிஸை ஒட்டிய ட்ரின்னோவ் ஆடியோ, ஜெர்மனியின் மாஜிக்ஸ், ஆம்ஸ்டர்டாமின் எலிஃபன்ட்கேண்டி. நாம் பேசப்போவது கடைசி மூவரைப் பற்றி.

அதென்ன ஆப்ஜெக்ட் ஆடியோ?

இது புரிந்தால்தான் மற்றது புரியும், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாம் கேட்டுப் பழகிய ஸ்டீரியோ ஒரு குழம்பு மாதிரி. பேச்சு, பின்னணி இசை, மழைச் சத்தம் எல்லாவற்றையும் மிக்ஸிங் அறையில் ஒருவர் கலந்து இறக்கிவிடுகிறார். நம் வீட்டுக்கு வருவது கலந்த பண்டம். புளி கூடிப்போய்விட்டது என்றால் அதை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. ஒலியை மொத்தமாகக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான்.

ஆப்ஜெக்ட் ஆடியோ இலைச் சாப்பாடு. பேச்சு தனி, இசை தனி, மழை தனி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக அனுப்பப்படும். கூடவே ஒரு குறிப்பும் வரும்: இந்தக் குரல் இந்த இடத்தில் இருக்கிறது, இவ்வளவு சத்தம், இது தமிழ் வர்ணனை, இதற்குப் பதில் ஆங்கில வர்ணனையும் உண்டு, பேச்சைக் கேட்பவர் இத்தனை டெசிபெல் வரை கூட்டிக்கொள்ளலாம். அந்தக் குறிப்புக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர். கலக்கும் வேலை நம் வீட்டில், நம் கருவியில் நடக்கும். அதைச் செய்யும் மென்பொருளை ரெண்டரர் என்பார்கள்.

என் அம்மாவுக்கு வயதானபின் காது மந்தம். டிவி நாடகத்தில் பின்னணி இசை ஏறினால் வசனம் கேட்காது. சத்தத்தைக் கூட்டினால் இசையும் சேர்ந்து கூடும், பக்கத்து வீடு வரை கேட்கும். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றி, பாட்டுக்கு இறக்கி என்று விரலை எடுக்காமலே உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு மட்டும் ஒரு ஸ்லைடர் இருந்தால் அந்த விரல் ஓய்ந்திருக்கும். இந்தத் தொழில்நுட்பத்தின்மேல் எனக்கு இவ்வளவு பற்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

சரி, அந்த மூன்று நிறுவனங்கள் என்ன செய்தன?

சங்கிலியின் இரு முனைகளையும் அவை பிடித்துக்கொண்டன.

தயாரிப்பு முனையில் மாஜிக்ஸ். அவர்களுடைய சீக்வோயா என்ற எடிட்டிங் மென்பொருள் ஜெர்மானிய வானொலி நிலையங்களில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. அதை ஏடிஎம் (ADM, ஆடியோ டெஃபினிஷன் மாடல்; பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல) என்ற மெட்டாடேட்டா வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் பழக்கினார்கள். இதன் அருமை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வானொலி தயாரிப்பாளருக்குப் புதிய மென்பொருளைக் கொடுத்தால் ஒதுக்கிவைத்துவிடுவார். பல வருடமாகக் கை பழகிய ஷார்ட்கட், பழகிய டைம்லைன், அதற்குள்ளேயே புது வசதி வந்தால்தான் தொட்டுப்பார்ப்பார். இந்தப் பழக்கத்தை எந்த ஆய்வு நிலையமும் உருவாக்கித் தர முடியாது. அது மாஜிக்ஸ் கையில் ஏற்கெனவே இருந்தது.

கேட்கும் முனையில் எலிஃபன்ட்கேண்டி ஐபோன் செயலியைச் செய்தது. பேச்சுக்கும் பின்னணிக்கும் இடையிலான அளவை விரலால் நகர்த்தலாம். ஹெட்ஃபோனில் சுற்றிலும் கேட்கும் பைனாரல் ஒலி உண்டு. பேசுவதை எழுத்தாகவும் பார்க்கலாம். நேரம் குறைவென்றால் நிகழ்ச்சியின் சுருக்கமான வடிவத்தைக் கேட்கலாம்.

அதே முனையில், ஆனால் வீட்டு ஹாலில், ட்ரின்னோவ். 2003இல் தொடங்கிய நிறுவனம். இணையம் வழியே வரும் ஆப்ஜெக்ட் ஒலியை வாங்கி, அந்த வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் எங்கெங்கே இருக்கிறதோ அதற்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் ஏவி ரிசீவரின் மாதிரியை உருவாக்குவது அவர்கள் பொறுப்பு.

ட்ரின்னோவை ஏன் சேர்த்தார்கள்? ரிசீவர் செய்யும் பெரிய கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றனவே?

அவர்கள் மைக்ரோஃபோனைப் பார்த்தால் விடை தெரியும். சாதாரணமாக அறையை அளக்க ஒரு மைக் போதும். ட்ரின்னோவ் மைக்கில் நான்கு சிறு கேப்ஸ்யூல்கள், ஒரு நான்முகியின் நான்கு முனைகளில் நிற்பதுபோல் பொருத்தப்பட்டிருக்கும். அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் சோதனை ஒலியை விடுவார்கள். ஒலி நான்கு கேப்ஸ்யூலையும் ஒரே கணத்தில் எட்டாது. நுண்ணிய நேர வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்து ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போட்டுவிடும்.

இதை ஆப்ஜெக்ட் ஆடியோவோடு சேர்த்துப் பாருங்கள். "குரல் இடது பக்கம் 30 டிகிரியில்" என்று மெட்டாடேட்டா சொல்கிறது. ஆனால் நம் வீட்டில் இடது ஸ்பீக்கர் அலமாரி இருக்கும் இடத்தில் வைக்க முடியாமல் 50 டிகிரிக்குத் தள்ளிப்போயிருக்கும். சோபாவுக்குப் பின்னால் இருப்பது சுவரில் ஏறிவிட்டிருக்கும். எந்த வீட்டிலும் ஸ்பீக்கர் பாடப்புத்தகத்தில் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. ஸ்பீக்கர் நிஜத்தில் எங்கே நிற்கிறது என்று தெரிந்த கருவியால்தான் குரலைச் சரியான திசையில் நிறுத்த முடியும். அந்த அறிவு ட்ரின்னோவிடம் பல வருட உழைப்பாகச் சேர்ந்திருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் கருவிக்குள்ளே இருப்பது ஏறத்தாழ ஒரு கணினி. ஒலி வேலையெல்லாம் மென்பொருளில் நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே செய்த சிப் உள்ள பெட்டியில் புதிய டிகோடரை (சுருக்கி வரும் ஒலியை விரித்துத் தருவது) புகுத்துவது பெரும்பாடு. மென்பொருள் கருவியில் ஆய்வுக்காலத்திலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

இதையெல்லாம் ஆய்வு நிலையங்களே செய்திருக்கக் கூடாதா?

செய்யலாம், ஆனால் அது அவர்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் ஓடும்.

இந்தக் கேள்விக்கு என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். ஆடியோ நிறுவனம் இந்தத் திட்டங்களுக்குள் வருவது கூடுதல் ஆள் பலத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வருவது "முடியாது" என்று சொல்வதற்காக. ஆய்வுக்கூடத்தில் ஸ்பீக்கர்கள் வட்டமாக, சமதூரத்தில், ஒலி எதிரொலிக்காத அறையில் இருக்கும். அங்கே எல்லாம் வேலை செய்யும். வாடிக்கையாளர் வீட்டைப் பார்த்த பொறியாளர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், "இந்த மெட்டாடேட்டா நொடிக்கு இத்தனை முறை மாறினால் என் கருவி தாங்காது", "இந்த வடிவத்தில் வந்தால் ரிமோட்டில் எந்த பட்டனில் காட்டுவது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி முதல் வருடத்திலேயே வந்தால் தரநிலையின், அதாவது எல்லாக் கருவிகளும் பின்பற்றும் பொது வரையறையின், வரைவில் ஒரு வரி மாறும். திட்டம் முடிந்தபின் வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தரநிலையைப் புரட்டினாலும், எளிதாகச் செயல்படுத்த முடிகிற பகுதிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு பொறியாளரின் முணுமுணுப்பு இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

செய்தே பார்ப்பதுதான் ஆர்ஃபியஸின் நோக்கம் என்றீர்களே, நிஜமாக ஏதாவது ஒலிபரப்பானதா?

ஆனது. 2017இல் பிபிசி 'தி மெர்மெய்ட்ஸ் டியர்ஸ்' என்ற வானொலி நாடகத்தை இந்த முறையில் தயாரித்தது. மூன்று பாத்திரங்கள். கேட்பவர் யாரைப் பின்தொடர விரும்புகிறாரோ அவர் இருக்கும் இடத்தின் ஒலியைக் கேட்கலாம், நடுவில் இன்னொருவருக்கு மாறிக்கொள்ளலாம். ஒருவர் அறையை விட்டு எழுந்து போனால் அவரோடு நாமும் போவோம். அறையில் மீதிப்பேர் பேசியது நமக்குக் கேட்காது.

தயாரிப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாடகம் நேரலை. நடிகர்கள் ஒருமுறைதான் நடிக்கிறார்கள். அந்த ஒரே நடிப்பிலிருந்து மூன்று பேருக்கான ஒலிக்காட்சியும் ஒரே சமயத்தில் வெளியே போக வேண்டும். கன்சோலின் முன்னால் இருப்பவருக்கு ஃபேடர் மட்டும் போதாது, எந்தக் குரல் எந்தக் காட்சியில் எங்கே இருக்கிறது என்ற மெட்டாடேட்டாவையும் அந்தக் கணமே எழுதியாக வேண்டும். பதிவு செய்து வைத்த கோப்பில் மெட்டாடேட்டா ஒட்டுவதும் நேரலையில் ஓடும் ஒலியோடு அதை அனுப்புவதும் ஒன்றல்ல என்பது இப்படிச் செய்து பார்க்கும்போது உறைக்கும்.

பணம் யார் தருகிறார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுநிதி. ஹொரைசன் 2020இல் இரண்டு வகை. ஆய்வு வகைத் திட்டம் என்றால் நேரடிச் செலவில் 100 சதவீதமும் கிடைக்கும், நிறுவனமாக இருந்தாலும் சரி. சந்தைக்கு நெருங்கிய புத்தாக்க வகைத் திட்டம் என்றால் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கு 70 சதவீதம்தான். மீதியைக் கையிலிருந்து போட வேண்டும். இவை தவிர, வாடகை, மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 25 சதவீதம் என்று ஒரே கணக்காகக் கொடுத்துவிடுவார்கள்.

விண்ணப்பம் தரம், தாக்கம், செயல்படுத்தும் முறை என்று மூன்று தலைப்பில், தலைப்புக்கு 5 மதிப்பெண் வீதம் மதிப்பிடப்படும். விண்ணப்பக் கெடு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக எட்டு மாதம் என்பது இலக்கு. சின்ன நிறுவனத்துக்கு எட்டு மாதம் நீண்ட காலம். அதற்குள் அந்த வேலைக்கென்று நினைத்து வைத்திருந்த ஆள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அப்படியானால் இது லாபமான வேலையா?

மானியத்தில் லாபம் வைக்க விதி இடம் தராது. ஹொரைசன் 2020இல் ஆன செலவைத்தான் காட்டலாம், அதற்கும் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற நேரப்பதிவு வேண்டும். முன்பணம் வரும், ஆனால் கடைசித் தவணை இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான்.

பிறகு எதற்குப் போகிறார்கள்? மூன்று வருடத்துக்குப் பின்னால் வரப்போகும் தரநிலையை எழுதுகிறவர்களோடு ஒரே மேசையில் உட்காரலாம். ஃப்ரான்ஹோஃபரின் டிகோடர் வெளியே வருமுன்பே தன் கருவியில் ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஒரு வானொலி நிலையத்துக்கு நிஜமாக என்ன தேவை என்பதை விற்பனைப் பேச்சு இல்லாமல் அவர்கள் வாயாலேயே கேட்கலாம். நல்ல மாணவர்கள் கண்ணில் படுவார்கள், பிறகு வேலைக்கு வருவார்கள். காசாக எண்ண முடியாத வரவு இதெல்லாம். ஆனால் 20 பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு இது எங்கு போய்க் கேட்டாலும் கிடைக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முழுக்க மானியத்திலேயே வாழும் நிறுவனங்களும் உண்டு. ஒரு திட்டம் முடியுமுன் அடுத்த விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள், கடையில் வைத்து விற்க ஒரு பொருள் இருக்காது. வேலைக்குச் சேருமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

உருவாக்கியவருக்கு. திட்டத்துக்கு வருமுன் கையில் இருந்தது ஒரு கணக்கு, திட்டத்தில் உருவானது இன்னொரு கணக்கு. முதலாவது எப்போதும் உங்களுடையது. திட்ட வேலைக்குத் தேவைப்பட்டால் மற்ற பங்காளிகள் அதை இலவசமாகப் பயன்படுத்த விட வேண்டும், அவ்வளவே. திட்டம் முடிந்தபின் ஒருவர் தன் முடிவை விற்பனைக்குக் கொண்டுவர உங்களுடையது தேவை என்றால், நியாயமான நிபந்தனையில் உரிமம் தர வேண்டும். எதை உள்ளே கொண்டுவருகிறோம், எதைக் கொண்டுவரவில்லை என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வைப்பது நல்லது. பின்னால் வரும் மனஸ்தாபங்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலைச் சோம்பலாக எழுதியதால் வருபவை.

போட்டியாளர்கள் ஒரே திட்டத்தில் எப்படி இருக்க முடியும்?

இருந்திருக்கிறார்கள். அதன் விளைவை நீங்கள் தினமும் கேட்டிருக்கிறீர்கள்.

1987இல் யுரேகா 147 என்ற திட்டம் டிஜிட்டல் வானொலிக்காகத் தொடங்கியது. யுரேகா ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு கிடையாது, நாட்டு அரசுகளுக்கிடையே 1985இல் உருவானது. ஆனாலும் கூட்டாய்வுதான். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியை அப்படியே அனுப்பினால் அலைவரிசை தாங்காது, சுருக்கியாக வேண்டும். பிரான்ஸின் சிசிஇடிடி, ஜெர்மனியின் ஐஆர்டி, நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆகியவை சேர்ந்து மியூசிகாம் என்ற முறையைச் செய்தன. ஃப்ரான்ஹோஃபரும் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி, பிரான்ஸின் தாம்சன் போன்றோரும் சேர்ந்து ஆஸ்பெக் என்ற முறையோடு எதிரே நின்றார்கள். பன்னாட்டுத் தரநிலைக் குழுவான எம்பெக் இரண்டையும் ஸ்வீடனில் கேட்டுச் சோதித்தது. மியூசிகாம் எளிது, செயல்படுத்தச் செலவு குறைவு. ஆஸ்பெக் மிகக் குறைந்த பிட் அளவிலும், அதாவது நொடிக்கு மிகக் குறைந்த தரவை அனுப்பினாலும், நன்றாக ஒலித்தது.

முடிவில் ஒருவரும் முழுதாகத் தோற்கவில்லை. எம்பெக்-1 தரநிலையில் மூன்று அடுக்குகள் வைத்தார்கள். இரண்டாம் அடுக்கு மியூசிகாம் வழி வந்தது. டிஜிட்டல் வானொலி அதைத்தான் எடுத்துக்கொண்டது. மூன்றாம் அடுக்கில் ஆஸ்பெக்கின் கணக்கு உள்ளே இருக்கிறது, ஆனால் ஒலி முதலில் மியூசிகாம் வழி வந்த, ஒலியை 32 பட்டைகளாகப் பிரிக்கும் வடிகட்டியைக் கடந்துதான் அதற்குள் போகும். ஒப்பந்தம் வேண்டும் என்பதற்காக இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார்கள். அந்த மூன்றாம் அடுக்குதான் எம்பி3. கேசட் கடையில் பாட்டுப் பதிந்து வாங்கிய காலம் போய் ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு எழுதி வாங்கினோமே, அந்த ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இந்தச் சமரசம் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாத் திட்டமும் வீடுவரை வந்துவிடுமா?

வராது. 2001இல் தொடங்கி 2003 வரை நடந்த கரூஸோ திட்டத்தைச் சொல்லலாம். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 1980களின் கடைசியில் பிறந்த அலைப்புலத் தொகுப்பு என்ற கருத்தை அது நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றது. அறையைச் சுற்றிச் சில அங்குல இடைவெளியில் ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்து, நிஜ ஒலி எப்படி அலையாகப் பரவுமோ அதே அலையை உண்டாக்குவது. அறையில் எங்கே நடந்தாலும் வயலின் ஒரே இடத்தில் நிற்கும்.

2003 பிப்ரவரியில் ஜெர்மனியின் இல்மெனாவ் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் 192 ஸ்பீக்கர்களோடு ஃப்ரான்ஹோஃபர் ஆட்கள் இதை ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வருடம் ஐயோசோனோ என்ற நிறுவனம் பிறந்தது. 2014இல் பார்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. வீட்டுக்கு மட்டும் இந்த முறை வரவில்லை. எந்த வீட்டுச் சுவர் 192 ஸ்பீக்கரைத் தாங்கும்? ஆனால் ஒலியை ஸ்பீக்கரோடு கட்டிப்போடாமல் தனிப் பொருளாக, இடக்குறிப்போடு சேமிக்க வேண்டும் என்பது இந்த முறைக்கும் அடிப்படைத் தேவை. அந்தப் பழக்கம்தான் பின்னால் ஆர்ஃபியஸ் போன்றவற்றுக்குக் கைகொடுத்தது.

ஆர்ஃபியஸ் முடிந்தபின் என்ன மிஞ்சியது?

முழுச் சங்கிலியின் கட்டமைப்பு வரைபடமும், ஒலிபரப்பாளர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புகளும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. அவர்கள் கையாண்ட ஏடிஎம் வடிவம் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.2076 என்ற பரிந்துரை. அது 2015இலேயே வந்துவிட்டது. நேரலைக்காக அதைத் துண்டு துண்டாக அனுப்பும் வடிவம் 2019இல் பிஎஸ்.2125 ஆக வந்தது. மேலே நாடகத்தைப் பற்றிச் சொன்ன நேரலைச் சிக்கல் ஞாபகம் இருக்கிறதா? அதே தேவைக்கான விடைதான் இது. வீட்டுக்கு ஒலியைக் கொண்டுசெல்லப் பயன்பட்ட எம்பெக்-எச் முறை, தென்கொரியாவில் 2017 மே கடைசியில் தொடங்கிய அதிதுல்லிய டிவி ஒலிபரப்பில் புழக்கத்துக்கு வந்தது.

ஒரு இழப்பையும் சொல்ல வேண்டும். மியூனிக்கின் ஐஆர்டி 2020 முடிவோடு மூடப்பட்டது. அதைத் தாங்கிவந்த ஒலிபரப்பு நிறுவனங்கள் விலகியதுதான் காரணம். டிஜிட்டல் வானொலி, மியூசிகாம், ஆர்ஃபியஸ் என்று இந்தப் பக்கத்தில் வந்த பல கதைகளிலும் அதன் பெயர் இருக்கிறது. ஒலிபரப்பாளர்களின் பொதுச்சொத்தாக இருந்த ஆய்வு நிலையம் போய்விட்டால், அடுத்த தரநிலையை யார் எழுதுவார்? நிறுவனங்களின் பொறுப்பு இனி கூடத்தான் செய்யும். எனக்கு அதில் கவலை உண்டு.

நிறுவனத்துக்குள் அன்றாட வேலை எப்படி இருக்கும்?

பெரும்பாலும் இரண்டு மூன்று பேர், அவர்கள் நேரத்தில் ஒரு பகுதி. வாரம் ஒரு தொலைபேசிக் கூட்டம், சில மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்திப்பு. ஒவ்வொரு பணித்தொகுதிக்கும் ஒரு தலைவர், ஒப்பந்தத்தில் எழுதிய நாளில் ஒப்படைக்க வேண்டிய அறிக்கையோ மென்பொருளோ இருக்கும். அவ்வப்போது ஆணையம் அனுப்பும் வெளி நிபுணர்கள் முன் செய்து காட்ட வேண்டும். கேபிள், அடாப்டர், ரிசீவர் எல்லாம் பெட்டியில் கட்டி விமானத்தில் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே இருக்கும் அறை எதிரொலிக்கும், வைஃபை படுத்தும். அன்றைக்குத்தான் பொறியாளரின் மதிப்பு தெரியும்.

பிரிட்டன் வெளியேறியபின் பிபிசி போன்றவை சேரலாமா?

சேரலாம். நடுவில் சில வருடம் நிச்சயமற்று இருந்தது. 2024 ஜனவரி முதல் பிரிட்டன் இணை நாடாக ஹொரைசன் யூரோப்புக்குள் வந்துவிட்டது.

சென்னையில் இருக்கும் ஆடியோ நிறுவனம் சேர முடியுமா?

பங்காளியாகச் சேரத் தடையில்லை. ஆனால் ஹொரைசன் யூரோப் விதிப்படி, தானாக நிதி பெறும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. சில தலைப்புகளுக்கு மட்டும் இந்திய அரசுத் துறைகள் தம் பங்குக்கு நிதி தரும் ஏற்பாடு இருந்திருக்கிறது. மற்றபடி உங்கள் செலவு உங்களுடையது. அதனால் "இவர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது" என்று கூட்டமைப்பு நினைக்கும் ஏதாவது ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

அப்படி இருந்ததற்கு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வு, மேற்கத்திய இசைக்காகச் செய்த கணினி முறைகள் மற்ற மரபுகளுக்குப் பொருந்தாது என்ற இடத்திலிருந்து புறப்பட்டது. ஐந்து இசை மரபுகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் கர்நாடக இசையும் ஒன்று. ஐஐடி மெட்ராஸ் அதில் கூட்டாளி. இது ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் மானியம், ஒரு ஆய்வாளரை மையமாகக் கொண்டது, ஆர்ஃபியஸ் போன்ற கூட்டமைப்பு அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். கமகத்தில் ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்காது, இன்னொரு ஸ்வரத்தைத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். பியானோக் கட்டையை மனதில் வைத்து எழுதிய மென்பொருள் அதைச் சுருதிப் பிசகு என்றுதான் படிக்கும். அதைப் பிசகில்லை என்று சொல்லித் தர இந்தச் சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பின்னால் பெங்களூரில் மியூசிக்முனி என்ற நிறுவனம் தொடங்கி, பாட்டுப் பயிற்சிக்கான ரியாஸ் செயலியைக் கொண்டுவந்தார்கள். காலையில் ஒருவர் தம்பூராவைப் போட்டுக்கொண்டு பாட, திரையில் அவர் குரல் ஒரு கோடாக ஏறி இறங்கி ஓடுகிறது.